3 எழுத்து, 18 பைட்

நவம்பர் 4, பாளையங்கோட்டை

அடுத்த தெருத் தம்பி, நிரல்களின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளுக்குத் தான் எழுதிய முதல் பேட்சை (திருத்தத்தை) அனுப்புவதற்கு முன் படித்துப் பார்க்கும்படி என்னிடம் கொடுத்திருக்கிறான். ஒரே திட்டத்தின் தனித்தனி வேலைத் தடங்களான கிளைகளைப் பட்டியலிடும்போது பெயருக்கு அடுத்த நெடுவரிசை கோணாமல் நிற்பதற்காக, பெயரின் நீளத்தைக் கணக்கிட்டு மீதி இடத்தை வெற்றிடத்தால் நிரப்புகிறது அவனுடைய நிரல்.

மொத்தம் 40 வரிகூட இல்லை என்றாலும், நான் முதலில் கமிட் செய்தியை, அதாவது மாற்றத்தோடு சேர்த்துப் பதியும் விளக்கக் குறிப்பைத்தான் படித்தேன். பட்டியலைச் சரிசெய்தேன் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் ஒரே வரி இருந்தது. எது கோணியிருந்தது, எப்போது கோணுகிறது, இந்த வழியை ஏன் தேர்ந்தெடுத்தான் என்பது எதுவும் அதில் இல்லை. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, அவ்வாண்டு ஜூலையிலேயே ஜூனியோ ஹமானோவின் பொறுப்புக்கு வந்துவிட்ட கருவி இது. ஒரு வரி ஏன் இப்படி எழுதப்பட்டது என்று 10 ஆண்டு கழித்துத் தேடுகிறவருக்குக் கமிட் செய்திதான் முதல் சாட்சி. தலைப்பு வரியை நிரலுக்கு இடும் ஏவலாக எழுதுவதே அங்குள்ள வழக்கம் என்பதையும் குறித்துக் கொடுத்தேன்.

நவம்பர் 5

மாற்றம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அவன் எழுதிய டெஸ்ட் நேற்றே தேறியது. இன்று அவனுடைய மாற்றத்தை நீக்கிவிட்டு அதே டெஸ்டை ஓட்டினேன், அப்போதும் தேறியது. பிழை இருக்கும்போது விழாத டெஸ்டால் பயனில்லை. நேற்றே இதைச் செய்யாமல் "டெஸ்ட் நன்று" என்று அவனிடம் சொன்னது என் தவறு. அதை அவனிடம் ஒப்புக்கொண்டேன்.

நவம்பர் 7

20 எழுத்துள்ள ஓர் ஆங்கிலப் பெயருடன் "நெல்லை" என்றொரு கிளையையும் உருவாக்கிப் பார்த்தேன். "நெல்லை" வரியில் மட்டும் அடுத்த நெடுவரிசை 13 கட்டம் இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. தம்பி நீளத்தை சி மொழியின் ஸ்ட்ர்லென் செயற்கூறு கொண்டு அளந்திருந்தான். அது எண்ணுவது எழுத்துகளை அல்ல, கணினி அவற்றைச் சேமிக்கும் பைட்டுகளை.

மாலையில் வந்தவனிடம் தாளில் எழுதிக் காட்டினேன். ந, ஒற்றைக்கொம்பு, ல, புள்ளி, ல, ஐகாரக் குறி என, எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் 6 குறிகள். அந்த எண்களைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட் வீதம் 18. கிட்டிலேயே திரையகலத்தை அளக்க ஒரு செயற்கூறு இருக்கிறது. அது 5 என்கிறது.

"மூணு எழுத்துக்கு எப்படி அண்ணாச்சி அஞ்சு கட்டம்?" என்று கேட்டான்.

புள்ளி மேலே ஏறிக்கொள்வதால் அதற்கு 0. கொம்பும் ஐகாரக் குறியும் இடம்பிடிக்கும் குறிகளாக வகைப்படுத்தப்பட்டிருப்பதால் ஒவ்வொன்றுக்கும் 1. நாம் எண்ணும் எழுத்தும் கட்டளைத் திரையான டெர்மினல் எண்ணும் கட்டமும் ஒன்றல்ல என்பதை அவன் அங்கேயே பிடித்துக்கொண்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

எனக்கு இதில் தனி அக்கறை உண்டு. வயல் கணக்கைத் தமிழ்ப் பெயரிட்ட கோப்புகளில் கிட்டில் வைத்திருக்கிறேன். முதன்முதலாகக் கோப்புகளின் நிலையைக் கிட்டிடம் கேட்டபோது, "நடவு" என்ற கோப்பின் பெயரில் ந இருக்க வேண்டிய இடத்தில் \340\256\250 என்று எண்கள் நின்றன. ஓர் அமைப்பை அணைத்தால் எழுத்தே தெரியும் என்பதை அறிய எனக்கு ஒரு நாள் ஆயிற்று.

நவம்பர் 10

இரண்டாம் வடிவம் வந்தது. 2018இல் 2.19 பதிப்போடு வந்த ரேஞ்ச்-டிஃப் கட்டளையால் இரு வடிவங்களையும் ஒப்பிட்டேன். தேவையற்ற இடைவெளிகளை ஒழுங்குபடுத்தியது தனிக் கமிட்டாகப் பிரிந்திருந்தது. டெஸ்டில் "நெல்லை" கிளை இருந்தது. மாற்றத்தை நீக்கினால் டெஸ்ட் விழுந்தது. கமிட் செய்தி இப்போது 3 பத்தி.

ஒரு மாறியின் பெயரை நான் வேறு விதமாக வைத்திருப்பேன். அது என் ருசி மட்டுமே என்பதால் எழுதாமல் விட்டேன். இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்று உறுதி கூறும் கையொப்ப வரி விடுபட்டிருந்ததை மட்டும் சொன்னேன். சேர்த்துவிட்டு இரவே அனுப்பினான்.

நாளை பிசான நடவுக்கு வயலில் இருப்பேன். பதில் வந்தால் போனில் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.