மொஹாவி வழியே லாஸ் வேகாஸுக்கு: அப்பா கேட்ட தண்ணீர்க் கணக்கு

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகாஸ் நகரம் 15-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 430 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இங்கே பெரும்பாலோர் வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் கிளம்பி, இருட்டிலேயே மொஹாவி பாலைவனத்தைக் கடந்து, நள்ளிரவுக்குள் சூதாட்ட மேசை முன் உட்கார்ந்துவிடுவார்கள். அது வழியில் உள்ள நல்லதையெல்லாம் வீணடிப்பது என்பது என் கருத்து. ஊரிலிருந்து வந்திருந்த என் பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, நவம்பர் மாதத்தில் ஒரு நாள் காலை உணவை முடித்துவிட்டு நிதானமாகக் கிளம்பினோம். என் தந்தை திருவாடானைப் பக்கத்து மானாவாரி விவசாயி. சூதாட்ட நகரம் என்றதும் அம்மா முகம் சுளித்தார். அப்பாவோ, மழையே பெய்யாத இடத்தில் அவ்வளவு பெரிய ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். அதன்பிறகு வழிநெடுக அவர் பேச்சு அதைச் சுற்றியே இருந்தது.

சான் பெர்னார்டினோவைத் தாண்டியதும் சாலை கஹோன் கணவாயில் ஏறுகிறது. கலிபோர்னியாவின் நிலநடுக்கங்களுக்குப் பேர்போன சான் ஆண்ட்ரியாஸ் பிளவு இந்தக் கணவாயைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது என்று என் கணவர் சொன்னதைப் பிள்ளைகள் காதில் வாங்கவில்லை. பக்கத்துத் தண்டவாளத்தில் ஊர்ந்த சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணுவதில் அவர்கள் மூழ்கியிருந்தார்கள். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளின் தென்புறத்திலேயே மழையைக் கொட்டித் தீர்த்துவிடுவதால், உச்சியைக் கடந்து இறங்கியவுடன் நிலத்தின் நிறமே மாறிவிடுகிறது. தொலைவு வரை சாம்பல் நிறப் புதர்கள், நடுநடுவே ஜோஷுவா மரங்கள். இந்த மரத்தின் பூக்களில் மகரந்தச் சேர்க்கை நடத்துவது யூக்கா அந்துப்பூச்சி மட்டுமே. அந்தப் பூச்சியின் புழுவுக்கும் இந்த மரத்தின் விதையே உணவு.

விக்டர்வில் அருகே மொஹாவி ஆற்றைக் கடந்தபோது கரையில் மரங்கள் பசுமையாக நின்றன. நிலத்துக்கடியில் ஓடும் நீரை அங்கே பாறை மேலே தள்ளிவிடுகிறது. பார்ஸ்டோ வந்து சேர்வதற்குள் அதே ஆறு வெறும் மணலாகிவிட்டது. கடல் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டி உள்நாட்டுக்குள் ஓடி, பாலைவனத்தின் நடுவிலுள்ள உப்புப் படுகையில் முடிந்துபோகும் ஆறு இது. வைகையும் நேராகக் கடலுக்குப் போகாமல் இராமநாதபுரம் பெரிய கண்மாயில்தானே போய்ச் சேர்கிறது என்று அப்பா சொன்னார். அவருக்கு அந்த மணல் ஆறு விநோதமாகத் தோன்றவில்லை.

அந்த உப்புப் படுகையைப் பார்ப்பதற்காக ஸைஸிக்ஸ் சாலையில் திரும்பினோம். பாதி தூரத்துக்குமேல் மண் பாதை. தன்னை மருத்துவர் என்று சொல்லிக்கொண்ட ஒரு வானொலிப் பிரசாரகர் 1944-இல் இங்கிருந்த ஊற்றருகே அரசு நிலத்தில் நலவாழ்வு விடுதி நடத்தத் தொடங்கினார்; 1974-இல் அரசு அவரை வெளியேற்றியது. இப்போது அங்கே கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாலைவன ஆய்வு மையம் இயங்குகிறது. படுகையின் ஓரத்தில் கால் வைத்தபோது மேலே இருந்த உப்புப் பொருக்கு அப்பளம்போல் நொறுங்கியது. அதற்கடியில் மண் ஈரமாக இருந்தது. அப்பா அங்கேயிருந்த ஒரு முள்மரத்தடியில் நின்றுவிட்டார். உதிர்ந்து கிடந்த வெளிர்மஞ்சள் நெற்று ஒன்றை எடுத்து உடைத்து, முனையைக் கடித்துப் பார்த்து, "மாப்பிள்ளை, இது நம்ம சீமைக்கருவைல்ல?" என்றார். சீமைக் கருவேலத்துக்கு மிக நெருங்கிய சொந்தமான மெஸ்கீட் மரம் அது. அரிசோனாவில் ஒரு மெஸ்கீட் மரத்தின் வேர் 50 மீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தது பதிவாகியிருக்கிறது. இந்த வட்டாரப் பழங்குடி மக்கள் இதன் நெற்றை இடித்து மாவாக்கி உண்டு வாழ்ந்திருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்திலோ அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குவதைத் தவிர வேறு வழி தெரியாமல், கண்மாயெல்லாம் பரவவிட்டு அல்லாடுகிறோம்.

பேக்கர் என்ற ஊரில் 134 அடி உயர வெப்பமானியின் முன் எல்லோரையும்போல் நாங்களும் படம் எடுத்துக்கொண்டோம். 1913-இல் மரணப் பள்ளத்தாக்கில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டை நினைவூட்டத்தான் அந்த உயரம். மாநில எல்லைக்குச் சற்று முன்னால், இடப்பக்கம் ஐவன்பா சூரிய மின் நிலையத்தின் மூன்று கோபுரங்கள் தெரிந்தன. ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடி அமைப்புகள் வெயிலைக் கோபுர உச்சிக்குத் திருப்பி, அங்கே நீரை ஆவியாக்கி டர்பைனைச் சுழற்றுகின்றன.

லாஸ் வேகாஸில் விடுதி அறைக்குப் போகவே சூதாட்டக் கூடத்தின் வழியாகத்தான் நடக்க வேண்டியிருந்தது. 21 வயதுக்குக் குறைந்தவர்கள் அங்கே நிற்கக்கூடாது என்பதால், விளக்குகளைப் பார்த்து வாய்பிளந்த பிள்ளைகளை இழுத்துக்கொண்டே நடந்தோம். சிகரெட் வாசனையும் இயந்திரங்களின் ஓயாத இசையும் எனக்குப் பத்து நிமிடத்தில் சலித்துவிட்டன. இலவசமாகப் பார்க்கக் கிடைத்தவைதான் எங்களுக்குப் பிடித்திருந்தன, முக்கியமாக பெலாஜியோ விடுதியின் நீரூற்று. எட்டு ஏக்கருக்கும் மேற்பட்ட குளத்திலிருந்து இசைக்கேற்ப நீர் பீறிட்டு எழுவதை அம்மா மூன்று பாட்டுகளுக்கு நின்று ரசித்தார். அது முன்பு அதே இடத்திலிருந்த கோல்ஃப் மைதானத்துக்குப் பாய்ச்சிய கிணற்று நீர்தான் என்பதை அறிந்த பிறகே அப்பா சமாதானமானார்.

நகரத்தின் கணக்கு அதைவிடச் சுவையானது. 1905-இல் ரயில் நிறுவனம் மனைகளை ஏலம் விட்டதே இங்கே இயற்கை ஊற்றுகள் இருந்ததால்தான்; அவை 1962-இல் வற்றிவிட்டன. இப்போது ஏறத்தாழ 90 விழுக்காடு நீர் கொலராடோ ஆற்றின் மீட் ஏரியிலிருந்து வருகிறது. 1928-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த ஆற்றில் லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் பங்கு ஆண்டுக்கு 3 லட்சம் ஏக்கர் அடி, அதாவது நம் கணக்கில் சுமார் 13 டி.எம்.சி. கலிபோர்னியாவுக்கோ 190 டி.எம்.சி.க்கும் மேல். இருபது லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் ஊருக்கு அது எப்படிப் போதும்? வீட்டுக்குள்ளும் விடுதிக்குள்ளும் பயன்படுத்தும் நீர் அநேகமாக முழுவதும் சுத்திகரிக்கப்பட்டு ஏரிக்கே திரும்புகிறது. திருப்பிய அளவுக்கு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். திரும்பாதது செடிக்கும் புல்லுக்கும் ஊற்றும் நீர்தான். அதனால்தான் சாலையோர அலங்காரப் புல்லை அகற்றச் சொல்லி 2021-இல் சட்டமே போட்டார்கள்.

அடுத்த நாள், அந்த மீட் ஏரியைத் தேக்கி வைத்திருக்கும் ஹூவர் அணைக்குப் போனோம். நெவாடாவில் சூதாட்டம் சட்டபூர்வமான அதே 1931-இல் அணை வேலையும் தொடங்கியது. தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட போல்டர் சிட்டியில் இன்றைக்கும் சூதாட்டத்துக்கு அனுமதி இல்லை. அணையின் உயரம் 726 அடி. ஏரி நிரம்பினால் மேட்டூரைப்போல் பன்னிரண்டு மடங்கு நீர் நிற்கும். நாங்கள் போனபோது பாறையில் வெள்ளைப் பட்டை அகலமாகத் தெரிந்தது. நீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. நெவாடாப் பக்கக் கோபுரக் கடிகாரமும் அரிசோனாப் பக்கத்துக் கடிகாரமும் ஒரு மணி நேரம் வேறுபட்டிருந்ததால், எல்லைக்கோட்டை மாறி மாறித் தாண்டுவதே பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிட்டது.

வழிகாட்டியிடம் எல்லோரும் சிமென்டின் அளவையும் மின்சாரத்தையும் பற்றிக் கேட்டார்கள். இவ்வளவு பெரிய ஏரியை எப்படித் தூர் வாருகிறார்கள் என்று கேட்கச் சொல்லி அப்பா என்னைத் தூண்டினார். தூர் வாருவதில்லை, 1963 முதல் மேலேயுள்ள க்ளென் கேன்யன் அணையே பெரும்பகுதி வண்டலைத் தடுத்துவிடுகிறது என்று பதில் வந்தது. அப்படியானால் அந்த அணையை யார் தூர் வாருவது என்பது அப்பாவின் அடுத்த கேள்வி. பின்னால் வரிசை நின்றது. போதாக்குறைக்கு அன்று ஞாயிற்றுக்கிழமை. நண்பகலுக்கு மேல் கலிபோர்னியா திரும்பும் வண்டிகளெல்லாம் 15-ஆம் எண் சாலையில் ஒன்றாகச் சேர்ந்து மாநில எல்லையிலேயே ஊர்ந்து நிற்கும் என்பதால், அவரை ஒருவழியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.