உப்பளத்து ஐப்பசி

அக்டோபர் 6

காற்று இன்னும் தெற்கேயிருந்துதான். அகஸ்தியம்பள்ளியில் உப்பு வாருவது முடிந்து, பாத்திகள் காய்ந்தும் காயாமலும் கிடக்கின்றன. கொசு உள்ளான்கள் நிறைய. நடுவே வளைமூக்கு உள்ளான்கள், எல்லாம் சாம்பல் நிறத்தில், பெரியவை. குஞ்சு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

போன டயாலிசிஸுக்கு அப்புறம் அம்மாவுக்கு உடம்பில் நீர் தேங்கி இரண்டரை கிலோ ஏறியிருக்கிறது.

அக்டோபர் 8

நாகப்பட்டினம். முதல் பஸ். திருப்பூண்டி தாண்டியதும் கம்பி முழுக்கத் தகைவிலான்கள். அம்மாவை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். போகும்போது பார்த்தாள், திரும்பும்போது தூங்கிவிட்டாள்.

அக்டோபர் 9

குஞ்சு விஷயம் மனசைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. வளைமூக்கு உள்ளான் முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடியில், தைமிர் பக்கம். அங்கே லெம்மிங் என்று ஒரு எலி. அது பெருகும் வருஷத்தில் ஆர்க்டிக் நரிகளுக்கு அதுவே போதும், குஞ்சுகள் பிழைத்துக்கொள்ளும். எலி குறைந்துபோனால் நரி கூடு தேடி வந்துவிடும். அந்த வருஷம் ஐப்பசியில் நம் உப்பளத்தில் இளசுகள் இருக்காது. எங்கோ பனிக்காட்டில் எலி பிறந்ததா இல்லையா என்பதற்கு இங்கே பாத்தி வரப்பில் நின்று பதில் தேட வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. பெரியவை குஞ்சுகளுக்காகக் காத்திருப்பதில்லை. ஆண் முதலில் கிளம்பிவிடும், பிறகு பெண். ஆடியிலேயே சிலது இங்கே வந்துவிடும், நெஞ்சில் பழைய செங்கல் சிவப்பு மிச்சமிருக்கும். குஞ்சுகள் கடைசியில் தனியாகக் கிளம்ப வேண்டும். வாழ்க்கையில் பார்த்தே இராத ஒரு ஊருக்கு.

இதை அம்மாவிடம் சொன்னேன். "வழி யாருடி சொல்லுவா?" என்றாள். யாரும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவளுக்கு அளந்து வைத்த தண்ணீர் டம்ளரைக் கேட்டாள். அதில் மத்தியானத்துக்கு உள்ளது மட்டும்தான் மிச்சம் இருந்தது.

அக்டோபர் 12

அண்ணன் சிறுநீரகம் அம்மாவுக்குப் பொருந்துமா என்ற ரிப்போர்ட் வரவில்லை.

அக்டோபர் 15

விடியற்காலையில் கொல்லைக் கதவைத் திறந்தால் கிணற்றடியில் ஆறுமணிக் குருவி. இருட்டில் பறந்து வந்து சுவரில் மோதியிருக்க வேண்டும். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே இறங்கும் காலம் இது. ஐப்பசி பிறக்கும் சமயத்தில் இப்படி யார் வீட்டு வாசலிலாவது ஒன்று விழுந்து கிடக்கும்.

சிறகைத் தளர்த்தி, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. எடுத்தபோது எதிர்ப்பே காட்டவில்லை. இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. கண்ணை மறைத்துக்கொண்டு பிடரி வரை ஓடும் கறுப்புப் பட்டை, அதற்கு மேல் மெல்லிய வெள்ளைக் கோடு. முதுகு பாசிப்பச்சை. சிறகு மடிப்பில் ஒரு துண்டு நீலம். வால் இருக்கிறதா என்று தேட வேண்டும், அவ்வளவு குட்டை. வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு. அலகு நுனியில் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. நெஞ்செலும்பு விரலில் தட்டியது, சதையே இல்லை.

மருந்து வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, பழைய துணி விரித்து, இருட்டாக மூடி வைத்தேன். தண்ணீர் வைக்கவில்லை. அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "ஒரு சொட்டு ஊத்துனா என்னடி, தொண்டை காயும்ல?" வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்றேன். "எனக்குச் சொல்ற மாதிரியே அதுக்கும் சொல்றே" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பெட்டிக்குள்ளிருந்து கூப்பிட்டது. அதே இரண்டு சீழ்க்கை. அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பெட்டியைக் கொல்லைக்குக் கொண்டுபோய்ப் பூவரசுக்கு அடியில் திறந்தேன். உடனே போகவில்லை. வெளியே தத்தி வந்து, சருகை ஒரு தடவை புரட்டி, எதையோ விழுங்கியது. பிறகு வேலிக்கு மேலே எழும்பிக் காட்டுப் பக்கம் போயிற்று.

எத்தனை நாளுக்கப்புறம் இன்றைக்கு அம்மா இரண்டு இட்லி முழுசாகச் சாப்பிட்டாள்!

அக்டோபர் 18

ராத்திரி முழுக்க மழை. வாடை திரும்பிவிட்டது.

அக்டோபர் 21

எழுதவே பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதி வைக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் ரோட்டோரம் ஒருவன் கொத்தாக உள்ளான்களைக் கட்டித் தொங்கவிட்டு நின்றான். கார் நிறுத்தி வாங்குகிறார்கள். பஸ் வேகத்தில் எந்த உள்ளான் என்று பார்க்க முடியவில்லை. பச்சைக்காலி ஒன்று நிச்சயம், அந்தக் கால் நிறம் தவறாது. வனத்துறைக்கு போன் செய்து இடத்தைச் சொன்னேன்.

உலகத்தின் உச்சியில் பொரித்து, கண்டம் தாண்டி வந்து, கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கயிற்றில் தொங்குவதா? அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் இடது கையில் ஃபிஸ்டுலா, டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடம், தொட்டால் கிர்ரென்று அதிரும். வேதாரண்யம் வரை அது என் விரலில் அதிர்ந்துகொண்டே வந்தது.

அக்டோபர் 24

கரண்டிமூக்கு உள்ளான். சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். வருஷா வருஷம் தேடுகிறேன். எண்பதுகளில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே முகாம் போட்டு, வலை விரித்து, காலில் வளையம் மாட்டிக்கொண்டிருந்த காலத்தில் கோடியக்கரையில் அது பதிவாகியிருக்கிறது. இன்று உலகம் முழுக்கச் சில நூறுதான் மிச்சம். சுக்கோட்காவிலிருந்து கிளம்புபவை பெரும்பாலும் மியான்மர், வங்கதேசக் கடற்கரையோடு நின்றுவிடுகின்றன. அப்பா அந்த முகாமுக்கு ராத்திரியில் அரிக்கேன் தூக்கிக்கொண்டு போனவர். அதைப் பார்த்ததாக அவர் சொன்னதில்லை. பார்க்கவில்லை என்றும் சொன்னதில்லை.

பக்கவாட்டில் பார்த்தால் அலகு சாதாரணமாகத்தான் தெரியும், நேரே நம்மைப் பார்த்துத் திரும்பினால்தான் நுனியின் அகலம் தெரியும். அதனால் அலகைத் தேடக் கூடாது, மேய்கிற விதத்தைத் தேட வேண்டும். கொசு உள்ளான் தையல் மெஷின் ஊசி மாதிரி குத்திக் குத்தி ஓடும். இது அலகைத் தண்ணீருக்குள் வைத்து இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நடக்கும். இன்று பம்ப் ஹவுஸ் பக்கம் கண் வலிக்கும் வரை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் குத்திக்கொண்டிருந்தன.

அப்படி ஆட்டிக்கொண்டு ஒன்றே ஒன்று நடந்தால் போதும்.

அக்டோபர் 25

இல்லை.

அக்டோபர் 28

கடற்கரையில் சிப்பிபிடிப்பான்! இரண்டு. கறுப்பு வெள்ளை உடம்பு, செக்கச் சிவந்த நீள அலகு, அலை வாங்கிய ஈர மணலில். பறவைப் பதிவுத் தளமான இ-பேர்டில் போட்டவுடன் சென்னையிலிருந்து போன் வந்துவிட்டது, படம் இருக்கிறதா என்று. இருக்கிறது. கொஞ்சம் கலங்கல்தான், ஆனால் அந்த அலகைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அம்மா போட்டோவைப் பெரிசாக்கி, "வெத்தலை போட்டிருக்கு" என்றாள். சிரித்தாள்.

அக்டோபர் 30

அம்மாவுக்கு மூன்று கிலோ. பாதி மிஷினில் பிரஷர் இறங்கிவிட்டது. கால்களைத் தூக்கி வைத்தார்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

நவம்பர் 2

பூநாரைகள் வந்துவிட்டன. கோடியக்கரை ரோட்டிலிருந்தே தெரிகிறது, சதுப்பின் அந்தக் கரை நெடுக வெளுத்து ஒரு கோடு. ஆனால் நான் அதற்குப் போகவில்லை.

உப்பளத்துக் கடைசிப் பாத்தியில், மேட்டு ஓரத்தில் கூட்டமாக வளைமூக்கு உள்ளான்கள் தலையைச் சிறகில் செருகி நின்றன. காற்றுக்கு முதுகின் இறகு லேசாகத் தூக்கியது. ஒன்றின் முதுகில் ஒவ்வொரு இறகுக்கும் வெளிறிய ஓரம், மீன் செதில் அடுக்கு. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் வரிசையாக நாலைந்து. கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இளசுதான். நெஞ்சில் அந்த மங்கலான சந்தன நிறம்கூட இன்னும் போகவில்லை. பிறந்து நாலு மாதம் ஆகியிருக்கும். தனியாக வந்து சேர்ந்திருக்கின்றன.

எலி பெருகியிருக்கிறது! தைமிரில் எலி பெருகியிருக்கிறது. வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினேன். அம்மாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும், "யாரும் சொல்லாமலே வந்துருச்சா?" என்று கேட்டாள்.

வந்துவிட்டன.

நவம்பர் 5

அண்ணன் போன் செய்தான். இன்னொரு டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். குரலில் பயம். அண்ணி பக்கத்தில் இருந்தார்கள் போல, அதிகம் பேசவில்லை.

நவம்பர் 8

மழை, மழை, மழை. சதுப்பில் தண்ணீர் ஏறிக்கொண்டே போகிறது. கொசு உள்ளானுக்கு விரற்கடைத் தண்ணீர்தான் வேண்டும். அதற்கு மேல் போனால் மேய இடமில்லை. எல்லாம் மேட்டுப் பாத்திகளுக்கு நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. இரண்டு நாள் வெயில் அடித்தால் போதும், வடிந்துவிடும். அந்த இரண்டு நாள் எப்போது?

ஊசிவால் வாத்துகளுக்கு மட்டும் கொண்டாட்டம். ஆழம் அவற்றுக்குச் சரி.

நவம்பர் 10

வங்கக்கடலில் தாழ்வுப்பகுதி. ஆறுகாட்டுத்துறையில் படகுகளை மேலே ஏற்றுகிறார்கள். அம்மா கஜாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். 2018, ஐப்பசி கடைசி நாள் விடியற்காலை. எங்கள் புளியமரம், மாட்டுக் கொட்டகை, காட்டில் வேரோடு சாய்ந்த மரங்கள், கரையில் ஒதுங்கிய மான்கள். பறவைகள் என்ன ஆயின என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. பார்க்கும் நிலையில் யாரும் இல்லை.

காற்று அதிகமானால் அந்த இளசுகள் எங்கே போய் ஒண்டும்? உப்பளத்தில் ஒரு செடி கிடையாது. வரப்புக்கு அடியில் காற்றுக்கு எதிராக மூக்கை வைத்து உட்காரும், அவ்வளவுதான்.

நவம்பர் 11

தாழ்வுப்பகுதி வடக்கே நகர்கிறதாம். ரேடியோவில் சொன்னார்கள்.

நவம்பர் 12

அண்ணனுடையது பொருந்துகிறது. சாயங்காலம் போன் வந்தது. நாளைக்கே தஞ்சாவூர் வரச் சொல்கிறார்கள், அண்ணன் நேரே அங்கே வந்துவிடுவான். அம்மா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கண்ணாடியை எடுத்து வச்சுக்க" என்றாள். பைனாகுலரைச் சொல்கிறாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அதற்கு என்ன வேலை என்றேன். "வழியில வயலு இருக்குல்ல."

முதல் பஸ். ஆதார் நகல், பழைய ரிப்போர்ட், சீட்டு எல்லாம் பையில். சார்ஜர் எடுக்க வேண்டும்.