நல்ல ரிப்போர்ட் வந்த நாள்

ரத்தப் பரிசோதனையில், உடலுக்குள் இருக்கும் அழற்சியைக் காட்டும் எண்களான ஈ.எஸ்.ஆர். 18, சி.ஆர்.பி.யும் இயல்பு அளவுக்குள் இருந்தது. தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்த மருத்துவர், "நோய் நன்றாகக் கட்டுக்குள் வந்துவிட்டது, இனி நிம்மதியாக இருங்கள்" என்றார். ஆறு ஆண்டுகளாக முடக்குவாதத்தோடு, அதாவது எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சரவாங்கி என்று சொல்லும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸோடு, காலம் தள்ளுகிற எனக்கு இது நல்ல செய்திதான். என் கணவர் மருத்துவமனை வாசலிலேயே நின்று என் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னார். ஆட்டோவில் ஏறியதும் நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்; நானும் திருத்தவில்லை.

அன்று காலையில் ரவிக்கையின் கொக்கிகளை மாட்ட முடியாமல் பத்து நிமிடம் போராடிவிட்டு, கடைசியில் மகளைக் கூப்பிட்டிருந்தேன். விரல்கள் வீங்கியிருக்கவில்லை, சிவந்திருக்கவில்லை, ஆனால் வலித்தன. நோயின் தொடக்கத்தில் வீக்கம் இருந்தது, ரத்தப் பரிசோதனையில் எண்கள் எகிறியிருந்தன, பார்த்தவர்கள் எல்லாரும் நம்பினார்கள். வாரம் ஒருநாள் மட்டும் சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, மறுநாள் முழுக்கக் குமட்ட வைத்தாலும், வீக்கத்தையும் எண்களையும் இறக்கிவிட்டது. வலி மட்டும் பின்தங்கி நின்றுவிட்டது. இதுவரை எனக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்த அந்தத் தாள், அன்றைக்கு எதிர்க்கட்சிக்குப் போய்விட்டதைப் போல் இருந்தது.

நாள்பட்ட வலியோடு இருப்பவர்களின் மன உளைச்சலைப் பற்றிப் பேசும்போது, வலி அதிகமாவதால் மனம் தளர்கிறது என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அது பாதிதான். மீதிப் பாதி, அந்த வலிக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பது. மார்கழியில் ஒருநாள் வாசலில் பெரிய கோலமாகப் போட்டேன். மறுநாள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கோலப்பொடி நிற்கவில்லை, இழை இழுக்கும் முன்பே கொட்டிக்கொண்டு போனது. நான்கு புள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். எதிர்வீட்டு அக்கா, "நேத்து நல்லாத்தானே போட்டீங்க?" என்று கேட்டார். அதில் துளியும் குத்தல் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட, நேற்றே கோலம் போடாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. இப்படித்தான், முடிகிற நாளிலும் செய்யாமல் ஒதுங்குகிற பழக்கம் வந்துவிடுகிறது.

ஆசிரியர் அறையிலும் இதே கதைதான். விடைத்தாள் கட்டை வாங்கிக்கொள்ளத் தயங்கினால் சாக்கு என்பார்களோ என்று வாங்கிக்கொள்வேன்; இரவு மணிக்கட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு, கேட்காதவர்கள் மீதெல்லாம் எரிச்சல்படுவேன். பத்துக்கு எத்தனை வலி என்று மருத்துவர் கேட்கும்போது, ஏழு என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு நான்கு என்று சொன்ன நாட்கள் பல. ஏழு என்றால் மிகைப்படுத்துகிறாள் என்று நினைப்பாரோ என்ற பயம். எழுபத்து நான்கு வயதான என் அத்தை எனக்காகக் குடத்தைத் தூக்கும்போது வருகிற குற்ற உணர்ச்சி, அடுத்த நிமிடமே அவர் மீதே கோபமாக மாறும் விந்தையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நல்லவர்கள் மீது வருகிற கோபத்தைப் போலக் கூச வைப்பது வேறொன்றில்லை.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது, தூக்கம் வருவதில்லை என்பதை மட்டும் சொன்னேன். மருத்துவர் இரவில் போட்டுக்கொள்ள அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினார். மருந்துக்கடைப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு என்னையும் ஒருமுறை பார்த்தான், அல்லது பார்த்ததாக எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினால், மனச்சோர்வுக்கான மருந்து என்றிருந்தது. ஆக, எல்லாம் மனசுதான் என்று முடிவு கட்டிவிட்டார். அட்டையை அலமாரியில் போட்டு மூடினேன். மூன்று வாரம் அது அங்கேயே கிடந்தது.

பிறகு தெரிந்துகொண்டது இது. மனச்சோர்வுக்கு இந்த மருந்தை இதைப்போலப் பல மடங்கு அளவில் கொடுப்பார்கள். 10 மில்லிகிராம் என்பது வலிக்கான அளவு. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வந்து வலிச் செய்திகளை அடக்கும் நரம்புப் பாதைகள் உண்டு. அந்தப் பாதைகளில் வேலை செய்யும் செரட்டோனின், நார்அட்ரீனலின் ஆகிய வேதிப்பொருட்களே மனநிலையிலும் பங்கு வகிக்கின்றன. வலி மாதக்கணக்கில் நீடித்தால் நரம்பு மண்டலமே கூருணர்வு அடைந்துவிடும். திருடன் ஓடிப்போன பிறகும் காற்றசைவுக்கெல்லாம் குரைக்கிற நாயைப் போல, அழற்சி அடங்கிய பின்னும் அது வலியை அறிவித்துக்கொண்டிருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும், வலி கூடினால் தூக்கம் கெடும். போதாக்குறைக்கு, மூட்டில் அழற்சியை உண்டாக்கும் சைட்டோகைன்கள் என்ற புரதங்கள் மூளையையும் பாதித்துச் சோர்வைக் கொண்டுவரக் கூடியவை.

வலி பற்றிய ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 1979இல் வெளியிட்ட வரையறையே, வலியை உடல் உணர்வும் மன உணர்வும் சேர்ந்த அனுபவம் என்றுதான் சொன்னது. 2020இல் அதைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்றும் குறிப்பில் சேர்த்தார்கள். அதைப் படித்த இடத்தில் சற்று நேரம் நின்றுவிட்டேன். நம் மொழிக்கு இந்தப் பிரிவினை எப்போதுமே கிடையாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. கால் நோகிறது, மனம் நோகிறது, யாரையும் நொந்து பயனில்லை: மூன்றுக்கும் ஒரே வினைதான். யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி இன்றும் "கை நோகுது" என்றுதான் சொல்வாள். திருக்குறளின் காமத்துப்பாலில் நோய் என்ற சொல் பெரும்பாலும் பிரிவின் துயரத்தையே குறிக்கிறது.

மாத்திரையைப் போடத் தொடங்கியதை அடுத்த முறை மருத்துவரிடம் சொன்னேன். மூன்று வாரம் போடாததையும், ஏன் என்பதையும் சொன்னேன். அவர் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் படிவம் அது. களைப்பு, தூக்கம், பசி பற்றிய கேள்விகளுக்கெல்லாம் முடக்குவாதக்காரர் எவரும் ஆம் என்றுதான் குறிப்பார். அவற்றை வைத்து எங்களை அளப்பதில் எனக்கு இன்னும் முழு உடன்பாடில்லை. சாவு பற்றிய எண்ணம் வருமா என்று கேட்கும் ஒன்பதாவது கேள்வியில் பேனா நின்றது. செத்துப்போக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் காலையில் விழிப்பு வராமலே போனால் பரவாயில்லை என்று சில இரவுகளில் நினைத்ததுண்டு; அதை யாரிடமும் சொன்னதில்லை. சில நாட்கள் என்ற கட்டத்தில் குறியிட்டேன். அவர் பதறவில்லை, உபதேசமும் செய்யவில்லை. மனநல மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். சீட்டின் பின்பக்கத்தில் 14416 என்று எழுதி, இது டெலிமானஸ், அரசின் மனநல உதவி எண், நடுராத்திரியிலும் தமிழில் பேசலாம் என்றார். அந்த எண்ணை நான் இதுவரை அழைக்கவில்லை. ஆனால் போனில் சேமித்து வைத்திருக்கிறேன்.

அன்று திரும்பி வரும்போது ஆட்டோவிலேயே என் கணவரிடம், முன்பு அழுதது ஆனந்தக் கண்ணீர் இல்லை என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் காலையில் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "இன்னைக்கு எத்தனை?" என்று மட்டும் கேட்டார். அதிலிருந்து தினமும் கேட்கிறார். நானும் குறைக்காமல் சொல்கிறேன். காரணம் கேட்பதில்லை, ஆறுதல் சொல்வதில்லை. இன்று ஆறு என்றேன். அடுப்பில் ஆவி அடங்கியிருந்த குக்கரைத் தன் பக்கம் இழுத்து, மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.