பின்கோடு 600039

எங்கள் ஆபீஸ் ராயபுரத்தில். துறைமுகத்தில் ஏறி இறங்கும் சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகித வேலை பார்க்கிறோம். டாகுமென்டேஷனுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. இன்டர்வியூவில் மேஜைக்கு இந்தப் பக்கம் மூன்று பேர்: மேனேஜர், அக்கவுண்ட்ஸ் மேடம், நான்.

அந்தப் பெண் பி.காம்., டைப்பிங் ஹையர். ஷிப்பிங் பில்லுக்கும் பில் ஆஃப் என்ட்ரிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "அது ஏற்றுமதிக்கு சார், இது இறக்குமதிக்கு" என்று பட்டென்று சொன்னார். அவர் வெளியே போனதும் மேனேஜர் பென்சிலை எடுத்தார். ரெஸ்யூமில் பின்கோடைச் சுற்றி ஒரு வட்டம். 600039.

"வியாசர்பாடி. அதுவும் ஹவுசிங் போர்டு. நமக்கு எதுக்குப்பா வம்பு?"

காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். மேடம் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். சும்மா உட்கார்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அடுத்த பெயரைக் கூப்பிட்டது நான்.

1968-இல் லத்தானே, டார்லி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்களின் சோதனை ஒன்று வெளிவந்தது. ஆளைப் படிவம் நிரப்ப உட்காரவைத்து, அறைக்குள் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். சொல்லிவைத்த இரண்டு பேர் பக்கத்தில் கண்டுகொள்ளாமல் இருந்தபோது சொன்னவர்கள் 10 சதவீதம்தான். மற்றவர்கள் இருமிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் எழுதினார்களாம். எங்கள் அறையிலும் மூன்று பேர்தான். நான் மேடம் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்திருப்பார்.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. நான் புளியந்தோப்பு. வேலைக்குச் சேரும்போது பெரம்பூர் பெரியம்மா வீட்டு அட்ரஸைக் கொடுத்திருந்தேன். அப்பா சொன்ன யோசனை. (எங்கள் தெருவில் பாதிப்பேருக்கு இப்படி ஒரு பெரியம்மா உண்டு.) வாயைத் திறந்தால் பென்சில் என் பக்கம் திரும்புமோ என்ற பயம்.

நாலு மாதம் கழித்து மறுபடி இன்டர்வியூ. கொருக்குப்பேட்டைப் பையன். பென்சில் எழும்பியது.

"அட்ரஸ்ல என்ன சார்?" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இல்லப்பா, ஏரியா..."

"நானும் புளியந்தோப்புதான் சார்."

பென்சில் அப்படியே நின்றது. மேடம் உடனே, "டைப்பிங் டெஸ்ட் வெச்சுப் பாத்துடலாமே சார்" என்றார். அவர் சொன்ன வேகத்தைப் பார்த்தால், நாலு மாதமாக வாயிலேயே வைத்திருந்திருப்பார் போல.

பையன் தேறவில்லை, ஸ்பீடு போதவில்லை. முதலில் வந்த பெண்ணின் நம்பரைத் தேடினேன். அந்தக் காகிதமெல்லாம் எடைக்குப் போய்விட்டிருந்தது. சாயந்தரம் ஆதார் நகலோடு, அட்ரஸை மாற்றச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தேன். மேனேஜர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.