ஊர் விசாரணை

சிறையிலிருந்து ஒருவர் வெளியே வந்த பிறகுதான் என்னைப் போன்ற நன்னடத்தை அலுவலரின் வேலை தொடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கைதி உள்ளே இருக்கும்போதே, அவருடைய ஊரில் அது தொடங்கிவிடுகிறது. ஆயுள் தண்டனைக் கைதி விடுப்பு (பரோல்) கேட்டு மனு கொடுத்தால், 1982-ஆம் ஆண்டு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி எங்களிடம் அறிக்கை கேட்பார்கள். முன்விடுதலைக்குப் பெயரைப் பரிசீலிக்கும்போதும் அப்படித்தான். 2018-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி, 10 ஆண்டுகள் முடித்த ஆயுள் கைதிகளை விடுவிக்க அரசாணை வந்த சமயத்தில் ஊர் ஊராக அலைந்தோம். வீட்டார் ஏற்றுக்கொள்வார்களா, ஊரில் பிரச்சினை வருமா, பிழைப்புக்கு வழி உண்டா என்று பார்க்க வேண்டும்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் நான் போய் உட்கார்ந்ததும் திண்ணையில் அண்ணனோ மாமனோ பேசுவார். "எங்க புள்ள, நாங்க பாத்துக்கிடுதோம் மேடம்" என்பார். அதையும் எழுதிக்கொள்வேன். ஆனால் தண்ணீர் கேட்கிற சாக்கில் அடுக்களைக்குப் போனால்தான் கைதியின் மனைவியின் மனது தெரியும். பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்த ஒருவர், தட்டை மடியிலிருந்து இறக்காமலே சொன்னார்: "வரட்டும், வேண்டாங்கல. மவளைக் கட்டிக்குடுக்கிற வரைக்கும் வெளியூர்ல இருந்தா நல்லதுன்னு படுது." கணவர் மேல் அவருக்குக் கோபமே இல்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன கேட்பார்களோ என்ற பயம்தான். என் அறிக்கையில் அந்தப் பயத்துக்கு இடம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அடுத்துப் போக வேண்டியது கொலையானவரின் வீட்டுக்கு. பெரும்பாலும் அது அதே தெருவில், அல்லது அடுத்த தெருவில் இருக்கும். வரப்புத் தகராறிலும் கோயில் கொடைத் திருவிழாவில் மூண்ட சண்டையிலும் நடந்த கொலைகளில், கொன்றவரும் இறந்தவரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். இந்த வீட்டுப் படியேறுவதுதான் என் வேலையிலேயே எனக்குக் கஷ்டமான பகுதி. சிலர் கதவைச் சாத்திவிடுவார்கள். அது அவர்கள் உரிமை. ஒரு வயதான அம்மா மட்டும் என்னை உட்காரச் சொல்லி, அமைதியாகக் கேட்டார்: "எந்தப் பஸ்ஸுல வருவான்னு முன்னாடியே சொல்லிருங்க தாயி. நான் அன்னிக்கு வெளிய வராம இருந்துக்கிடுதேன்."

தப்பு செய்யாத அந்த அம்மா ஏன் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டும்? அவர் வெளியே நடமாட வேண்டும், வருகிறவர்தான் விலகி நிற்க வேண்டும். அந்த ஆளை வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டில் தங்கவைக்கப் பேசினோம். கொடை நாட்களில் சொந்த ஊர்ப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று அவரிடமும் அவர் அண்ணனிடமும் உறுதி வாங்கினேன். அவர் மறுக்கவில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கும் தைரியம் தனக்கும் இல்லை என்றார்.

தங்க இடம் கிடைத்தாகிவிட்டது, சரி. அப்புறம் காகிதப் பிரச்சினை. 2010-க்கு முன்பே உள்ளே போனவர்களில் ஆதார் இல்லாமல் வெளியே வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ரேஷன் கார்டில் பெயரை எப்போதோ நீக்கியிருப்பார்கள். ஆதார் இல்லாமல் சிம் கார்டு வாங்குவது கஷ்டம். போன் எண் இல்லையென்றால் எதற்கு மனு போட்டாலும் ஓ.டி.பி. வர வழியில்லை. கையில் தொழில் இருக்கும், கூலி போட வங்கிக் கணக்கு இருக்காது. விடுதலையானவர்களுக்கான உதவிச் சங்கம் மூலம் தையல் இயந்திரமோ சிறு தொழிலுக்குப் பணமோ வாங்கித் தருவதற்கும் இதே காகிதங்கள் வேண்டும். சிறைத்துறையின் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் கொஞ்சம் தேவலை. வாடிக்கையாளரோடு பேசவும், கியூ.ஆர். கோடில் பணம் வந்ததைச் சரிபார்க்கவும் பழகியிருக்கிறார்கள்.

வேலை கிடைப்பதை விட அது நிலைப்பது கஷ்டம். பக்கத்தில் எங்காவது ஒரு மோட்டார் காணாமல் போனால், ஸ்டேஷனிலிருந்து முதல் அழைப்பு இவருக்குத்தான். ஒரு முறை போனால் முதலாளி பொறுத்துக்கொள்வார். மறுபடியும் அழைத்தால், "நாளைக்கு வர வேண்டாம்" என்பார். அதனால் விடுதலையான வாரத்திலேயே எஸ்.ஐ.யைப் பார்த்து, விசாரிக்க வேண்டியிருந்தால் வேலை நேரம் முடிந்து கூப்பிடுங்கள், எனக்கும் ஒரு போன் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்கிற எஸ்.ஐ.களும் இருக்கிறார்கள். நல்லபடியாக இரு என்று நான் சொல்லும் அறிவுரையை விட இந்த ஒரு பேச்சு அவருக்கு அதிகம் உதவுகிறது.

ஆதாரையும் வங்கிக் கணக்கையும் இப்போது விடுதலைக்குக் காத்திருக்காமல் முதல் விடுப்பிலேயே எடுக்கச் சொல்கிறேன். ஊர் விசாரணைக்குப் போகும்போதே, எந்த நாளில் யார் அவரை ஆதார் மையத்துக்குக் கூட்டிப் போவது என்று வீட்டாரிடம் பேசி வைத்துவிடுகிறேன். பெரும்பாலும் மனைவிதான் முன்வருகிறார்.