மூன்றாம் உறுப்பில் போன மதிப்பெண்

குரூப் 2 முதல்நிலைத் தேர்வு முடிவில் இந்த முறை என் பதிவெண் இருக்கிறது. போன முறை கட்ஆஃபுக்கு ஒன்றரை மதிப்பெண் குறைவு, அதாவது ஒரே ஒரு கேள்வி. நாடாளுமன்றத்தின் அதிகாரம் பற்றிய கேள்வி அது. அதனால் மற்ற பாடங்களை விட்டுவிட்டு இதை மட்டும் எழுதுகிறேன்.

மாநில எல்லையை மாற்ற அந்த மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் கட்டாயமா? கட்டாயம் என்று குறித்தேன். ஒரு பயிற்சி மையத்தின் நகல் குறிப்பில் அப்படித்தான் இருந்தது, பாடப்புத்தகத்தோடு ஒத்துப்பார்க்காமல் நம்பிவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அரசியலமைப்பின் உறுப்பு 3-இன்படி குடியரசுத் தலைவர் மசோதாவை அந்தச் சட்டமன்றத்தின் கருத்துக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் மசோதாவை நிராகரித்தது, ஆனாலும் பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது, ஜூன் 2-இல் தெலங்கானா பிறந்தது.

நம் கன்னியாகுமரி மாவட்டமே இந்த உறுப்பில் பிறந்ததுதான். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மார்ஷல் நேசமணி போன்றவர்கள் வருடக்கணக்கில் போராடியதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம், ஆனால் அந்தப் போராட்டம் கடைசியில் சட்டமானது நாடாளுமன்றத்தின் மாநில மறுசீரமைப்புச் சட்டம் 1956 வழியாக என்று நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

குலசேகரம் பக்கம் எங்களுக்கு ரப்பர் பால்வெட்டு. விடியற்காலையில் அப்பாவுக்கு உதவியாகப் போகும்போது, முந்தின நாள் படித்ததை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுவேன். உறுப்பு 3-ஐ விளக்கியபோது, “அப்போ கேட்கத்தான் செய்யணும், அவங்க சொன்னபடி செய்யணும்னு இல்ல, அப்படித்தானே மக்களே?” என்றார். அதற்குப் பிறகு மறக்கவில்லை. குழுவாக உட்கார்ந்து படிப்பது எனக்கு ஒத்துவராது, உங்களுக்கும் வேண்டாம் என்றே சொல்வேன்.

அப்புறம், இந்தப் பகுதியில் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு அதிகாரத்துக்கும் மூன்று கேள்வி: எந்த அவையில் தொடங்கும், எந்தப் பெரும்பான்மை, எத்தனை நாள். அடைப்புக்குறிக்குள் இருப்பது உறுப்பு எண்.

- பண மசோதா (110): மக்களவையில் மட்டும் தொடங்கும். மாநிலங்களவை 14 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.
- மாநிலங்களுக்கு உரிய மாநிலப் பட்டியலில் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற (249): மாநிலங்களவையின் தீர்மானம் வேண்டும், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு. ஒரு முறைக்கு ஓராண்டு.
- மாநிலச் சட்ட மேலவையை உருவாக்க, நீக்க (169): சட்டமன்றத்தில் சிறப்புப் பெரும்பான்மை (மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு), நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை. தமிழ்நாட்டு மேலவை 1986-இல் போனது இப்படித்தான்.
- இரு அவைகளின் கூட்டுக் கூட்டம் (108): சாதாரண மசோதாவுக்குத்தான். பண மசோதாவுக்கும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கும் கிடையாது. நடந்தவை 1961, 1978, 2002.

பெரும்பான்மையில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள், எண் போட்டுப் பாருங்கள். மக்களவையில் 543 இடங்கள், 400 பேர் வந்து வாக்களிக்கிறார்கள். மூன்றில் இரண்டு என்றால் 267. அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 267 பேர் ஆதரித்தால் போதுமா? போதாது, ஏனென்றால் உறுப்பு 368, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும் கேட்கிறது, அது 272. இந்த ஒரு கணக்கைக் கையால் போட்டவர்களுக்குக் குடியரசுத் தலைவர் பதவி நீக்கம் (61) குழம்பாது. அங்கே மொத்த உறுப்பினர்களிலேயே மூன்றில் இரண்டு, அதாவது மக்களவையில் 362.

நாடாளுமன்றத்தின் திருத்த அதிகாரத்துக்கு எல்லை வகுத்த கேசவானந்த பாரதி வழக்கு (1973, 13 நீதிபதிகள், 7-6) எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

மேற்கு வங்கத்தின் பெருபாரிப் பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பது பற்றிய விவகாரத்தை மட்டும் விடாதீர்கள். உறுப்பு 3 இவ்வளவு பெரிய அதிகாரம் என்றாலும், இந்திய நிலத்தை வேறு நாட்டுக்குக் கொடுக்க அது போதாது என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அதனால்தான் அதே ஆண்டு 9-ஆவது திருத்தம் வந்தது. தேர்வுக்கு முந்தின வாரம்தான் இதைப் படித்தேன். நீங்கள் உறுப்பு 3 படிக்கும் அன்றைக்கே இதையும் சேர்த்துப் படித்துவிடுங்கள்.