இடது பாதம்

ஜூன் 2

மாவுக்கட்டுப் போட்டாகிவிட்டது. இடது பாதத்தின் நடுவளைவில் இருக்கும் சிறிய எலும்பில் விரிசல். அதன் நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் கூடிவர நாளாகும் என்றும், அதுவரை காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றும் மருத்துவர் சொன்னபோது, எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் சீனக் கூடைப்பந்து வீரர் யாவ் மிங்தான்.

ஜூன் 3

தூக்கமில்லை.

ஜூன் 7

2008 பிப்ரவரியில், அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டியில் யாவ் ஆடிய அணியான ஹூஸ்டன் ராக்கெட்ஸ் தொடர்ந்து 12 ஆட்டங்களை வென்றிருந்த நேரத்தில்தான், யாவின் இடது பாதத்தில் விரிசல் என்ற அறிவிப்பு வந்தது. அவருடைய இடத்தில் 41 வயது டிக்கெம்பே முட்டோம்போ இறங்கினார். வெற்றி வரிசை 22 வரை நீண்டது. அதைப் பேசுகிற எல்லோரும் முட்டோம்போவைப் பாராட்டுகிறார்கள், பாராட்ட வேண்டியதுதான். நானோ, தான் இல்லாமலேயே வென்றுகொண்டிருந்த அணியை அந்த மனிதர் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றே யோசிக்கிறேன். இன்று மாலை என் அணிக்கும் ஆட்டம் இருந்தது. முடிவை நான் இன்னும் கேட்கவில்லை.

ஜூன் 8

வென்றுவிட்டார்களாம். உண்மையாகவே மகிழ்ச்சி.

ஜூன் 16

பார்க்க வந்த நண்பர் யாவைப் பற்றிப் பேச்செடுத்து, அவர் எப்போதும் காயத்தோடு இருந்தவர்தானே என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. 2002-இல், என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் முதல் தேர்வாக ஹூஸ்டனுக்கு வந்தவர், முதல் மூன்று பருவங்களின் 246 ஆட்டங்களில் இரண்டை மட்டுமே தவறவிட்டார். 2.29 மீட்டர் உயரமுள்ள உடம்போடு 82 ஆட்டப் பருவம் ஒன்றை முடித்துவிட்டு, கோடையில் ஓய்வெடுக்காமல் சீன தேசிய அணிக்கு ஆடினார்: 2003, 2005 ஆசியக் கூடைப்பந்துச் சாம்பியன்ஷிப் போட்டிகள், நடுவில் ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ். 2008 மார்ச்சில் அறுவைச் சிகிச்சை. ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில், சிச்சுவான் நிலநடுக்கத்தில் பிழைத்த சிறுவன் ஒருவன் பக்கத்தில் நடந்துவர, தேசியக் கொடியை ஏந்திச் சென்றார். அந்த எலும்புக்குக் கூடிக்கொள்ள யார் நேரம் கொடுத்தார்கள்? காயம் அவருடைய பலவீனம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அது அவரிடம் கேட்கப்பட்ட உழைப்பின் கணக்கு.

ஜூன் 17

கட்டுக்குள் அரிப்பு தாங்க முடியவில்லை.

ஜூன் 29

2009 மே 4-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் முதல் ஆட்டத்தை மறுபடியும் பார்த்தேன். கடைசிக் கால்பகுதியில் லேக்கர்ஸ் வீரர் கோபி பிரயன்டின் முழங்கால் யாவின் முழங்காலில் மோதுகிறது. உடைமாற்றும் அறைக்குச் செல்லும் வழியில் அவரை நடத்திக்கொண்டு போகிறார்கள். வாசலை எட்டும்போது அவர் நின்றுவிடுகிறார். காலை மடக்கி நீட்டிப் பார்க்கிறார். உள்ளே போக மறுத்து, களத்துக்குத் திரும்பி, 28 புள்ளிகளோடு அணியை வெல்ல வைக்கிறார். அவ்வளவு உயரமானவர்களிடம் அரிதாகவே காணக்கூடிய மென்மையான மணிக்கட்டு அவருக்கு. ஃப்ரீ த்ரோ கோட்டில், அதாவது தடுப்பாரில்லாமல் வளையத்துக்குப் பந்தை எறியும் கோட்டில், பந்து கையைவிட்டுப் போகும்போதே அது விழும் என்று தெரிந்துவிடும்.

அதே தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் இடது பாதத்தில் மீண்டும் விரிசல் விழுந்தது. எலும்பை ஒட்டவைத்ததோடு, அழுத்தம் குறைய வேண்டும் என்று பாதத்தின் வளைவையும் தாழ்த்தினார்கள். அடுத்த பருவம் முழுவதும் போயிற்று.

வாசலில் அவர் நிற்கிற இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். நான் உள்ளே போயிருப்பேனா?

ஜூலை 8

இன்று மனம் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. கிளீவ்லாந்து அணியின் ஜிட்ரூனாஸ் இல்காவ்ஸ்கஸும் யாவைப் போலவே வளையத்தின் அருகே ஆடும் உயரமான வீரர், அதாவது சென்டர்தான், அவருக்கும் பாதம்தான், 1999-2000 பருவம் முழுவதும் அவரும் ஆடவில்லை. ஆனால் பாதத்தைச் சீரமைத்த பிறகு திரும்பிவந்து, இரண்டு முறை ஆல்-ஸ்டார் (பருவத்தின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆனார். 2007 என்.பி.ஏ. இறுதித் தொடரிலும் ஆடினார். ஆகவே ஒரே வழிதான் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஜூலை 12

மறுபடியும் அந்த 24 நிமிடங்கள். 2010-இல் யாவ் திரும்பிவந்தபோது ஓர் ஆட்டத்துக்கு அவ்வளவுதான் ஆடலாம் என்று வரம்பு வைத்தார்கள். ஐந்தே ஆட்டங்கள். பிறகு கணுக்காலில் விரிசல், 2011 ஜூலையில் ஷாங்காயில் ஓய்வு அறிவிப்பு, வயது முப்பது. எனக்கும் வரம்பு வைத்தால் அந்த நிமிடங்களுக்குள் ஆட ஒப்புக்கொள்வேன் என்று இன்று தீர்மானித்திருக்கிறேன்.

ஜூலை 13

ஸ்கேன் எடுத்தார்கள். முடிவை மருத்துவர் நாளைக் காலைதான் சொல்வாராம்.